எழுபத்திரண்டாம் டோக்கன்

பிப்ரவரி 4

இன்று சுரங்கத்துக்குள் கீழே போனவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். தலைவிளக்குகள் வைக்கும் லாம்ப் ரூமில் முக்கால்வாசி அடுக்குகள் காலி. மேஸ்திரி காலி அடுக்குகளில் தன் டிபன் டப்பாவையும் மழைக்கோட்டையும் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது வீட்டிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இடம் சும்மா கெடந்தா கண்ணை உறுத்துதும்மா" என்கிறார். அந்தக் கடிகாரம் ஓடவில்லை.

நூலகத்திலிருந்து எடுத்த தடித்த நாவலை மேசைமேலேயே வைத்துப் படித்தேன். யாரும் கேட்கப்போவதில்லை. முன்பெல்லாம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. ஒவ்வொருவருக்கும் தலைவிளக்கைக் கொடுத்து, அவருடைய பித்தளை டோக்கனை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் மேஸ்திரி எண்ணைக் கூப்பிடுவார். ஆள் "மேலே" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டோக்கன் கழலும். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், வீட்டிலிருந்து யாராவது சுரங்கத்து கேட்டுக்கு வந்து அவருக்காக "மேலே" சொல்வார்கள். கம்ப்யூட்டர் அட்டை வந்த பிறகும் இது நிற்கவில்லை. அட்டை கம்பெனிக்கு, டோக்கன் எங்களுக்கு.

கடைசி வரிசையில் ஐந்து டோக்கன்கள் கழற்றப்படாமலே இருக்கின்றன. அடி மட்டத்தில் தீப்பிடித்தபோது, தீ பரவாமலிருக்கச் சுவர் எழுப்பி அந்தப் பாதையை அடைத்தார்கள். சுவருக்கு உள்ளே இருந்த ஐந்து பேருடையவை அவை. எழுபத்திரண்டு அப்பா. அப்போது நான் பள்ளியில் கடைசி வருஷம். அவருக்குப் பதிலாகக் கிடைத்ததுதான் இந்த வேலை. தினமும் அந்த ஐந்தையும் துணியால் துடைக்கிறேன். துடைக்கும்போது மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை. அதுதான் சில நாள் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9

நகரத்துப் பதிப்பகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்தும் வேலை. ஏப்ரலில் வரச் சொல்கிறார்கள். இந்தச் சுரங்கக் குழியை மூடினால் எனக்கு வேலை போய்விடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதற்காக விண்ணப்பித்தேன் என்று சொன்னால் பொய். எப்படியும் போயிருப்பேன்.

அம்மா தையல் மெஷினில் யாருடைய கால்சட்டைக்கோ முட்டியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அடுத்தவங்க எழுதினதுல தப்புக் கண்டுபிடிக்கக் காசு குடுக்கறாங்களா?"

"ஆமாம்மா."

"இத்தனை வருஷமா வீட்ல சும்மா பண்ணிக்கிட்டிருந்தியே."

நீயும் வரணும் என்றேன். நான் எதுக்கு என்றாள். இங்கே தனியாக என்ன செய்வாய் என்றேன்.

"தனியாவா? சுவத்துக்கு அந்தப் பக்கம் ரேடியோ இருக்கா. நான் தும்மினாக்கூட நேரடி ஒலிபரப்பு."

பக்கத்து வீட்டு அக்காவைத்தான் சொல்கிறாள். எங்கள் குடியிருப்பு லைன் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். கடைசியில் "பாக்கலாம்" என்றாள். அம்மாவின் "பாக்கலாம்" பாதிச் சம்மதம். "முடியாது" என்பதை அவள் ஒருநாளும் சுற்றிவளைத்துச் சொன்னதில்லை.

பிப்ரவரி 16

ஊசியில் நூல் கோக்க அம்மாவால் முடியவில்லை. ஊசியைத் திட்டினாள்.

பிப்ரவரி 22

கேட்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மார்ச் கடைசியில் பம்ப் நிற்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம். இரவும் பகலும் கீழேயிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். அலமாரியில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை ஒட்டி வைத்தால் மெல்ல உரசி முணுமுணுக்கும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும். அடி மட்டம்தான் முதலில் முழுகும். சுவருக்கு அந்தப் பக்கமும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அதற்குள் ரேடியோ அக்கா ஒலிபரப்பி முடித்திருந்தார். அம்மா ஒரு பட்டனைத் தைத்துக்கொண்டே சொன்னாள்:

"மாசக் கடைசியாம். அன்னிக்கு ஒரு எட்டு கேட்டுக்குப் போய் நிக்கணும்."

அவ்வளவுதான். நான்தான் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

எனக்கு அந்த கேட் ஞாபகம் இருக்கிறது. சுவர் எழுப்பியபோது அம்மா அங்கேதான் நின்றாள். வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாள். வந்த பிறகு பேசவே இல்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அவள் வாயில் ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டினேன். தலைவாரிவிட்டேன். எத்தனை மாதம் என்று எண்ணவில்லை. ஒரு மழைக்காலம் வந்து போனது. பிறகு ஒருநாள், "ஏன்டி இவ்வளவு சர்க்கரை போடறே?" என்றாள். அதுதான் அவள் திரும்பி வந்த நாள். அந்த அம்மாவை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

மார்ச் 5

மேஸ்திரி லாம்ப் ரூம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"தேதி முன்னாடி வந்திடுச்சும்மா. பன்னெண்டாம் தேதியே நிறுத்தறாங்க. ஊருக்குத் தெரிஞ்சா கூட்டம் கூடும், வம்புன்னு மானேஜர் நெனக்கிறாரு. அஞ்சு வீட்டுக்காவது சொல்லணும்னு சண்டை போட்டு ஒத்துக்க வச்சேன். நாலு வீட்டுக்கு நான் போறேன். உங்க வீட்டுக்கு நீ சொல்லிடு."

"சரி."

"ரேடியோ காதுல மட்டும் விழாமப் பாத்துக்க. அப்புறம் மானேஜர் என்னைத்தான் பம்புல கட்டித் தொங்கவிடுவாரு."

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. சொல்லப்போவதில்லை என்று படியேறும்போதே தெரியும்.

மார்ச் 8

நகரத்துக் கண் டாக்டரிடம் பன்னிரண்டாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டேன். அங்கே சித்தி வீட்டில் இரண்டு ராத்திரி தங்கலாம். அப்படியே நான் பார்த்து வைத்திருக்கும் வீட்டையும் காட்டலாம்.

அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். "தங்கச்சியைப் பாத்தும் நாளாச்சு. என்னைவிட குண்டாயிட்டாளான்னு பாக்கணும்" என்றாள். இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 9

மேஸ்திரி கேட்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

இரண்டாவது பதில் உண்மைதான்.

மார்ச் 12 — சித்தி வீடு, மாலை

நல்ல நாள். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் நல்ல நாள்.

டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டியபோது, கடைசி வரியை அம்மா தானாகவே இட்டுக்கட்டிப் படித்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். பம்பை இந்நேரம் நிறுத்தியிருப்பார்கள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்ட சமயம், அம்மா கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல டீச்சர் மாதிரி இருக்கேனா, திருடி மாதிரி இருக்கேனா?" சித்தி, "திருட வந்த டீச்சர் மாதிரி" என்றாள். இரண்டு பேரும் கடையின் நடுவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு வீட்டைப் போய்ப் பார்த்தோம். குழாயைத் திறந்து மூடினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். "சமையக்கட்டு தீப்பெட்டியாட்டம் இருக்கு. ஆனா இந்த ஜன்னல் நல்லாயிருக்குடி. மெஷினை இங்க போட்டுக்கலாம்."

மெஷினை இங்க போட்டுக்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று தோன்றியது. செய்தது சரி என்றும் தோன்றியது.

மார்ச் 13

பேருந்திலிருந்து இறங்கி லைனுக்குள் நடந்தோம். பாதி வழியில் அம்மா நின்றாள். ஒரு காதைப் பொத்தினாள், விட்டாள். மற்றதைப் பொத்தினாள்.

"என்னடி, எனக்குக் காது அடைச்சுப்போச்சா? நேத்து கண்ணு, இன்னிக்குக் காதா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி வழியாக, நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதற்குள் ரேடியோ அக்கா ஓடி வந்தார். "எங்கக்கா போயிட்டீங்க? உங்க கதவை இடிச்சு இடிச்சு என் கையே வீங்கிப்போச்சு! நேத்துக் காலையில அந்த நாலு வீட்டு ஆளுங்களும் கேட்டுப் பக்கம் போறதைப் பாத்தேன், எனக்குப் புரிஞ்சுபோச்சு—"

அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "மெதுவா சொல்லு."

சொன்னார். மேஸ்திரி பலகையையே கழற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தாராம். பம்ப் நிற்பதற்கு முன்னால் கீழே யாரும் இருக்கக் கூடாது, ஆளை எல்லாம் மேலே எடுக்கணும் என்றாராம். மானேஜர் தடுக்காமல் தள்ளி நின்றுகொண்டாராம். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார். ஒரு வீட்டில் மகன் சொன்னான், "மேலே." ஒரு வீட்டில் தம்பி. ஒரு வீட்டில் மனைவிக்குக் குரல் வரவில்லை, காத்திருந்தார்கள், சொன்னாள். ஒவ்வொரு டோக்கனாகக் கழற்றி அவரவர் கையில் கொடுத்தார்.

"எழுபத்திரண்டுன்னாரு. யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டாரு. எங்க வீட்டுக்காரரு நான் சொல்றேன்னு முன்னாடி போனாரு. மேஸ்திரி ஒத்துக்கலை, வீட்டாள்தான் சொல்லணும்னுட்டாரு. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு அக்கா. அப்புறம் மானேஜர் பம்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிட்டாரு."

ரேடியோ அக்காவின் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அம்மா என்னிடம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வீட்டுக்குள் போய்ப் பையை வைத்தாள். சித்தி கொடுத்தனுப்பிய பிஸ்கட்டைத் தட்டில் எடுத்து அக்காவிடம் நீட்டினாள். என்னிடமும் நீட்டினாள்.

மார்ச் 14

பேசுகிறாள். பயந்தது நடக்கவில்லை. சாப்பிடுகிறாள், தைக்கிறாள். பேசாமல் இருந்திருக்கலாம் என்றிருக்கிறது.

மார்ச் 15

காலையில் நானே ஆரம்பித்தேன். நீ மறுபடி பழைய மாதிரி ஆயிடுவியோன்னு பயந்தேம்மா என்றேன். மெஷினை நிறுத்தினாள்.

"அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா? சுவர் எழுப்பின அன்னிக்கே தெரியும். குடையை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாருன்னா இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்? பைத்தியமா நான்?"

"இல்லம்மா—"

"தண்ணி ஏறறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி ஆளை மேலே எடுத்திருப்பேன். ஒரு வார்த்தைடி. நான் அப்போ கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

மெஷின் ஓட ஆரம்பித்தது.

மேஸ்திரி எண்களைக் கூப்பிடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரே அன்று காலையில்தான் நினைத்தாராம். இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். சரியான வாதம்தான். எந்தப் பிழையும் இல்லை. ஒன்றுக்கும் உதவவில்லை.

புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. அடுத்தவர் மனசு எந்த இடத்தில் உடையும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று. எத்தனை விதவைகளைப் படித்திருக்கிறேன்! எதிரில் இருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மார்ச் 16

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"சொல்லிட்டேன்னியேம்மா" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி ஒருமுறை கூப்பிடுவீர்களா என்றேன். அவர் ஒரு சார்ஜர் அடுக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். திருகாணியைக் கையில் வைத்து உருட்டினார். "கூப்பிடறதுக்கு என்ன, வாய்தானே. அம்மாவைக் கூட்டிட்டு வா."

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நானும் வீட்டாள்தானே? அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அந்த கேட்டில் நின்றிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை ஒரு நொடிகூட வரவில்லையே. அம்மாவால் தாங்க முடியாது, அம்மாவால் தாங்க முடியாது என்று— யாரால் தாங்க முடியாது?

மார்ச் 19

அம்மா வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு.

லாம்ப் ரூமில் அடுக்குகள் எல்லாம் தரையில் கிடந்தன. பலகை மட்டும் மறுபடி சுவரில் ஏறியிருந்தது. முழுப் பலகையில் ஒரே ஒரு டோக்கன். மேஸ்திரி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார், ஷிஃப்ட் முடியும்போது நிற்பது மாதிரியே.

"எழுபத்திரண்டு."

அம்மா பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

"எழுபத்திரண்டு."

நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி இல்லை.

"அண்ணே, தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

"அடி மட்டம் முழுகிடுச்சும்மா."

"சுவரு?"

"சுவரையும் தாண்டியிருக்கும்."

"அப்போ இன்னிக்கு நான் சொன்னா அது பொய்தானே?"

"நம்ம மனசுக்குத்தானேம்மா இதெல்லாம்."

"மனசுக்குத்தான். அதனாலதான் கேக்கறேன்." அம்மா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "இத்தனை வருஷமா உங்க பலகையில யாரும் பொய் சொன்னதில்லை. என்னால அது வேணாம். அவரு இருக்கட்டும்."

மேஸ்திரி ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் டீ போட்டார். குடித்தோம். அம்மா, சர்க்கரை போதும் என்றாள்.

மார்ச் 24

"மெஷினை எப்போ கட்டணும்மா?"

"எதுக்கு?"

"ஜன்னல் பக்கம் போடலாம்னியே."

"அது அன்னிக்குச் சொன்னது. உங்கப்பா கீழே இருக்கையில நான் எங்கடி வர?"

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறாயா, உப்பு வாங்கி வா என்பது போலத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 2

தனியாகக் கிளம்பினேன். ரேடியோ அக்கா அழுதார். அம்மா பேருந்துவரை வந்து, ஜன்னலோரம் உட்காராதே, தூசி என்றாள்.

ஏப்ரல் 11

இங்கே சத்தங்கள் ஏராளம். எதுவும் தொடர்ந்து வருவதில்லை. சமையலறை ஜன்னலுக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. புத்தகங்களை அடுக்கினேன். பிறகு எடுத்துவிட்டேன்.

மே 20

நான் திருத்திய முதல் புத்தகம் வெளிவந்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு பிழை. அச்சாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பதிப்பாசிரியர். அடுத்த பதிப்பு என்று ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய வசதி.

ஜூன் 30

அம்மாவுடன் போனில் பேசினேன். என் சாப்பாடு, அவள் கண், சித்தியின் முட்டி. வேறு ஒன்றும் இல்லை. அவள் குரலில் குறையே இல்லை. குறை இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

ஆகஸ்ட் 17 — அம்மா வீடு

நேற்று வந்தேன், நான்கு நாள் விடுப்பில். பாதி லைன் காலி. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் கிணற்றைச் சுற்றி ஆட்கள். நான் பிறப்பதற்கு முன்பே வற்றிப்போன கிணறு. குழிக்காக இறைத்த இறைப்பில் ஊரின் ஊற்றெல்லாம் வறண்டுபோயிருந்தது. உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை எல்லாம் போடுகிற பள்ளமாகத்தான் அதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது குப்பையெல்லாம் அள்ளிச் சுத்தமாக்கியிருந்தார்கள்; கை நீட்டினால் தொடும் உயரத்தில் தண்ணீர். புது ராட்டினம்கூட மாட்டிவிட்டார்கள்.

"பாத்தியா அதிசயத்தை!" என்றார் ரேடியோ அக்கா. "பம்ப் நின்னதுல அடி மட்டத்துல தேங்கின தண்ணியெல்லாம் ஏறி ஏறி இங்க வந்திடுச்சு. எங்க வீட்டுக்காரரு டெஸ்ட்டுக்குக்கூட அனுப்பினாரு, நல்ல தண்ணியாம். இனிமே லாரிக்கு எவ நிப்பா?" ஒரு டம்ளரில் மொண்டு என்னிடம் நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதைத் தன் செடிக்கு ஊற்றினார்.

இன்று காலை தண்ணீர் லாரி வந்தது. முன்பு தெரு முனைவரை குடங்கள் நிற்கும். இன்று முழு லைனிலிருந்தும் அம்மா ஒருத்திதான் போய் நின்றாள்.

"கிணறு நெறைஞ்சு கெடக்கு, எதுக்கும்மா எனக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்றான் டிரைவர். "என் மூஞ்சி அவ்வளவு அழகாவா இருக்கு?"

"அதுக்குத்தான்டா" என்றாள் அம்மா. "குழாயைத் திற."

நான் உள்ளே போய் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.